கடற்கரையில் ஓடிய உருளை

முன்பின் அறியாத பொருள் ஒன்றைக் காணுங்கால் மனித மனம் வாளா இருப்பதில்லை. 'இது யாதாக இருக்கலாம்?' என்று வினவும். விடை கிடைக்காவிடின் தானே ஒரு விடையைப் புனைந்துகொள்ளும். யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையை அறியாதார் இலர். காலைத் தடவியவன் உரல் என்றான்; காதைத் தடவியவன் முறம் என்றான்; வாலைத் தடவியவன் துடைப்பம் என்றான். கண்ணுடையோரும் சில வேளைகளில் அக்குருடரைப் போலவே ஊகம் செய்து மகிழ்வதுண்டு. அவ்வாறு ஊகத்துக்கும் நகைப்புக்கும் இடமளித்த விந்தையான போர் ஊர்தி ஒன்று, இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து நாட்டில் செய்யப்பட்டது. அதனைக் கண்டு நகைத்தோர் பலர். நகைத்தபின் எண்ணிப் பார்த்தோர் சிலரே. நகைக்கவும் வேண்டும், நகைத்தபின் எண்ணவும் வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்னும் மாவட்டம் உள்ளது. அதன் கடலோரத்தில் வெஸ்ட்வர்டு ஹோ! என்று ஓர் ஊர் இருக்கிறது. அப்பெயரின் இறுதியில் நிற்கும் வியப்புக்குறி அச்சுப் பிழையன்று. அது பெயரின் ஒரு பகுதியே. சார்லஸ் கிங்சிலி என்பார் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினம் ஒன்றின் பெயரையே அவ்வூருக்கு இட்டனர். புதினத்தின் வியப்புக்குறியும் உடன் வந்து குடியேறிவிட்டது. பெயரிலேயே வியப்பைத் தாங்கிய அவ்வூரின் மணற்பரப்பில், 1943ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், மெய்யாகவே வியக்கத்தக்க பொருள் ஒன்று கொணர்ந்து நிறுத்தப்பட்டது.

அதன் தோற்றத்தை மனக்கண்முன் கொணர்ந்து பார்த்தல் நன்று. பத்தடி விட்டமுள்ள மரச் சக்கரங்கள் இரண்டு. ஒவ்வொன்றின் விளிம்பும் ஓரடி அகலமுள்ள இரும்புப் பட்டையால் ஆனது. அவ்விரு சக்கரங்களையும் அச்சுப்போல் இணைத்து நடுவில் கிடப்பது பருத்த உருளைப் பீப்பாய் ஒன்று. சக்கரங்களின் விளிம்பைச் சுற்றி வரிசையாகக் கட்டப்பட்டவை இராக்கெட்டு வாணங்கள். அதில் ஓட்டுநர்க்கு இருக்கை இல்லை. திருப்புதற்குரிய கைப்பிடி இல்லை. நிறுத்துதற்குரிய தடையும் இல்லை. குதிரையுமின்றிப் பொறியுமின்றி, வாணத்தின் வலிமை ஒன்றையே நம்பி உருள வேண்டிய ஊர்தி அது.

கடல் நீராட வந்திருந்தோர் அதனைக் கண்டு என்னென்ன எண்ணியிருப்பர்! பூதம் ஒன்று தன் கிழிந்த சட்டையைத் தைப்பதற்காக வைத்திருந்த நூலுருளை கைதவறி விழுந்ததோ என ஒரு சிறுவன் எண்ணியிருக்கலாம். தொலைபேசிக் கம்பி சுற்றும் உருளையொன்று வேலையாட்களிடமிருந்து தப்பி, கடற்காற்று வாங்க வந்ததோ எனத் தந்தியலுவலகத்தார் ஒருவர் ஐயுற்றிருக்கலாம். சாலை போடும் உருளையிலிருந்து ஓட்டுநரும் புகைபோக்கியும் காணாமற்போயினரோ என ஒரு தொழிலாளி கவன்றிருக்கலாம். 'பகைவரைக் கொல்லும் கருவி இதுவன்று. அவரைச் சிரிக்க வைத்து, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேளையில் சிறைப்பிடிக்கும் சூழ்ச்சியே இது' என்று குறும்புக்காரர் ஒருவர் கூறியிருக்கவும் கூடும். தீபாவளிநாளில் தரைச்சக்கரம் கொளுத்திய தமிழ்ச் சிறுவன் ஒருவன் அங்கு நின்றிருப்பின், அனைவரினும் அவனே உண்மைக்கு அணுக்கமாக வந்திருப்பான். அவ்வூர்தி நிமிர்த்து வைத்த தரைச்சக்கரமே அன்றி வேறன்று.

அதற்கு இட்ட பெயரும் நகைப்புக்கு உரியதே. பெரும் பன்ஜாண்டிரம் என்பது அப்பெயர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாமுவேல் ஃபூட் என்னும் நடிகர், பொருளற்ற சொற்களைக் கோத்துச் சிறு உரையொன்று இயற்றினார். எதனையும் ஒருமுறை கேட்டவுடன் ஒப்புவிக்க வல்லேன் எனச் செருக்கிய மற்றொரு நடிகரைச் சோதித்தற்காகவே அதனை இயற்றினார் என்பர். அவ்வுரையில் வரும் சொல்லே பன்ஜாண்டிரம். தம்மைத் தாமே பெரியவர் என எண்ணி ஆரவாரம் செய்யும் அலுவலரைக் குறிக்க அச்சொல் பின்னர் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. பேரொலியும் பெருஞ்சுடரும் எழுப்பி ஆரவாரத்தோடு வரும் ஊர்திக்கு அப்பெயர் பொருந்தியது எனலாம்.

இதுகாறும் கூறியன நகைப்புக்குரியவை. அவ்வூர்தியைச் செய்யத் தூண்டிய காரணமோ நகைப்புக்கு உரியதன்று.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், செருமானியர் கைப்பற்றியிருந்த பிரான்சு நாட்டின் தியெப் என்னும் துறைமுகத்தின்மீது நேச நாட்டுப் படையினர் கடல்வழியாகச் சென்று பாய்ந்தனர். அப்படையில் ஏறத்தாழ 5,000 பேர் கனடா நாட்டு வீரர். கரையிலிருந்த கூழாங்கற்களில் டாங்கிகள் பல சிக்கித் திணறின. கரையைக் கடந்து சென்ற டாங்கிகளை, நகரத் தெருக்களின் வாயிலில் எழுப்பப்பட்டிருந்த கான்கிரீட்டுத் தடைகள் மறித்து நிறுத்தின. அத்தடைகளை வெடிவைத்துத் தகர்க்க வந்த பொறியியற் படைவீரருள் பலர், திறந்த வெளியில் பகைவர் குண்டுக்கு இரையாயினர். அன்றைய ஒரு நாட்போரில் மாண்ட கனடியர் 900க்கும் மேற்பட்டோர். சிறைப்பட்டவர் 1,900க்கும் மேற்பட்டோர்.

அப்போர் கற்பித்த பாடம் தெளிவானது. கரையிறங்கும் படை, கடலோரத்துக் கான்கிரீட்டுச் சுவரை விரைந்து உடைத்தல் வேண்டும். அன்றேல் அச்சுவரின் அடியிலேயே மடிதல் வேண்டும். அக்காலத்தில் செருமானியர், நார்வே நாடு முதல் பிரான்சின் தென்மேற்கு எல்லை வரை அத்திலாந்திக்குச் சுவர் என்னும் அரண்வரிசையை எழுப்பி வந்தனர். வெடிமருந்து மூட்டையைச் சுமந்துகொண்டு, மறைவிடமற்ற மணலில் ஓடி, சுவரின் அடியில் வைத்துவிட்டு மீள எத்தனை வீரரால் இயலும்? மனிதரை அனுப்பாமல் வெடிமருந்தை மட்டும் அனுப்ப வழியுண்டா? இவ்வினாவுக்குரிய விடையாகவே அவ்வுருளை பிறந்தது. அதில் ஓட்டுநர்க்கு இருக்கை இல்லாமை குறையன்று. அதுவே அதன் நோக்கம்.

இங்கிலாந்தின் கப்பற்படைத் தலைமையகத்தில், புதுவகைப் படைக்கலங்களை ஆராய்ந்து ஆக்குதற்கெனத் தனித் துறை ஒன்று இருந்தது. கனடாவில் பிறந்த வேதியியலறிஞர் சார்லஸ் குடீவ் என்பார் அதனைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர். அத்துறையில் பணியாற்றியவருள் நெவில் ஷூட் நார்வே என்பாரும் ஒருவர். அவர் நெவில் ஷூட் என்னும் பெயரில் புகழ்பெற்ற புதினங்கள் இயற்றியவர். எனினும் தொழிலால் வானூர்திப் பொறியியலறிஞர். பத்தடி உயரமும் ஏழடி கனமும் உள்ள கான்கிரீட்டுச் சுவரில் டாங்கி நுழையும் அளவுக்குப் பிளவு உண்டாக்க, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்து வேண்டும் என அவர் கணக்கிட்டார். அவ்வளவு வெடிமருந்தை உருளைப் பீப்பாயில் நிரப்பி, கரையருகே வந்து நிற்கும் படகின் சாய்பலகை வழியே உருட்டிவிட்டால், வாணங்களின் உந்துதலால் மணிக்கு 60 மைல் வேகத்தில் மணலைக் கடந்து சுவரில் மோதி வெடிக்கும் என எதிர்பார்த்தனர். தாளில் வரைந்து பார்க்கும்போது அக்கருத்தில் குற்றம் காண்பது எளிதன்று.

இலண்டனைச் சார்ந்த லேட்டன்ஸ்டன் என்னும் இடத்தில் முதல் ஊர்தியைச் செய்தனர். மறைபொருள் வெளிப்படலாகாது என்று இருளில் மூடி எடுத்துச் சென்றனர். இவ்வாறு இரவெல்லாம் காத்த மறைபொருளைப் பகலில் வெஸ்ட்வர்டு ஹோ!வின் கடற்கரையில், நீராட வந்த மக்கள் நோக்கி நிற்க, வெளிப்படையாக ஓட்டிப் பார்த்தனர். பீப்பாயில் வெடிமருந்துக்கு மாறாக அதே எடையுள்ள மணலை நிரப்பினர். சில வாணங்களை மட்டும் பொருத்தித் தீயிட்டனர். ஊர்தி புகையும் சுடரும் கக்கிக்கொண்டு புறப்பட்டது. சிறிது தொலைவு நேரே ஓடியது. அதன்பின் வலப்பக்கச் சக்கரத்தின் வாணங்கள் சில செயலற்றுப் போகவே, வழி தவறி விலகிச் சென்றது.

அது ஏன் வழி தவறியது? இரட்டை மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு தளர்ந்தால், வண்டி அப்பக்கமே திரும்பும் என்பதை நாட்டுப்புறத்தார் அனைவரும் அறிவர். அதுபோன்றே ஒரு சக்கரத்தின் உந்துதல் குறைந்தவுடன் ஊர்தி அப்பக்கம் திரும்பியது. வண்டியில் மாட்டைத் தட்டி நேர்ப்படுத்த வண்டிக்காரன் உண்டு. உருளைக்கு அவனும் இல்லை. இருபுறத்து வாணங்களும் ஒரே அளவில் எரிந்தாலன்றி அது நேரே செல்லாது. வாணங்களோ ஒன்றைப்போல் ஒன்று எரிவதில்லை.

அடுத்து, வேகமே அதற்குப் பகையாயிற்று. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது, பத்தடி விட்டமுள்ள சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை சுழலும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் கயிற்றை வெளிநோக்கி இழுப்பதுபோல, விளிம்பிலுள்ள ஒவ்வொரு வாணமும் தன் கட்டினை இழுக்கும். அவ்விழுப்பைக் கணக்கிட்டால், வாணத்தின் எடையைப் போல் ஏறத்தாழ 48 மடங்கு வருகின்றது. பத்துப் பவுண்டு எடையுள்ள பொருள், 480 பவுண்டு எடையுள்ளதுபோல் பிய்த்துக்கொண்டு பறக்க முயலும். ஒரு வாணம் பறந்தால் சமநிலை கெடும்; சமநிலை கெட்டால் ஊர்தி அதிரும்; அதிர்ந்தால் வேறு வாணங்களும் பறக்கும். மணற்பரப்போ மேடும் பள்ளமும் உடையது. இத்துணை இடையூறுகளும் ஒருங்கு கூடின.

செய்தோர் சோர்ந்துவிடவில்லை. வாணங்களின் எண்ணிக்கையை எழுபதுக்கும் மேலாகப் பெருக்கிப் பார்த்தனர். நிலைபெற்று ஓடுதற்பொருட்டு நடுவில் மூன்றாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தனர். அது போதிய பயன் தராமையால் பின்னர் அதனை நீக்கினர். இருபுறமும் நீண்ட எஃகு வடங்களைக் கட்டி, கடிவாளம் பிடிப்பதுபோல் பிடித்துத் திருப்ப முயன்றனர். உருளை அவ்வடங்களை அறுத்தெறிந்தது. அறுந்த வடம் சாட்டைபோல் திரும்பி வீசி, நின்றோரை அச்சுறுத்தியது. ஒவ்வொரு முறையும் ஒரு குறையைக் கண்டனர், அதனை நீக்கினர், அடுத்த குறையைக் கண்டனர்.

1944ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இறுதிச் சோதனை நடைபெற்றது. கப்பற்படை உயர் அலுவலரும் அறிவியலறிஞரும் காண வந்திருந்தனர். கார்ப்பந்தயங்களைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற லூயி கிளெமன்டாஸ்கி என்பார் ஒளிப்படக் கருவியுடன் நின்றிருந்தார். தொடக்கத்தில் எல்லாம் செவ்வனே நடந்தன. உருளை நேரே ஓடியது. பிறகு வாணமொன்று கட்டறுத்துப் பறந்தது. மேலும் சில பறந்தன. ஊர்தி வளைந்து கிளெமன்டாஸ்கி நின்ற திசை நோக்கியே பாய்ந்தது. பந்தயக் கார்களுக்கு அஞ்சாத அவர் அன்று உயிருக்கு அஞ்சி ஓட வேண்டியதாயிற்று. மார்பில் பதக்கம் அணிந்த பெருந்தலைவர்கள், கரையிலிருந்த கூழாங்கல் மேட்டின் பின்னே தாவி வீழ்ந்தனர். இறுதியில் உருளை ஒருக்களித்துச் சாய்ந்து, வெடித்துச் சிதறியது. கட்டறுந்த வாணங்கள் திசைதோறும் மணலில் சீறிப் பாய்ந்தன. அவற்றுள் ஒன்றினை நாய் ஒன்று விடாது துரத்திச் சென்றது. அம்மோனால் என்பது அந்நாயின் பெயர். அது ஒருவகை வெடிமருந்தின் பெயரும் ஆகும்! அன்று கடற்கரையில் இருந்தோருள் நிகழ்ச்சியை முழுமனத்துடன் சுவைத்தது அந்நாய் ஒன்றே போலும்.

அத்துடன் பன்ஜாண்டிரத்தைக் கைவிட்டனர்.

இக்கதையைக் கேட்டோர் பிற்காலத்தில் வேறொரு வகை ஊகத்தில் இறங்கினர். 'இத்துணை அறிவுடையோர் இத்துணை வேடிக்கையான பொருளை மெய்யாகவே செய்திருப்பரா? இரகசியமான கருவியை மக்கள் கூடும் கடற்கரையில் ஓட்டிக் காட்டியிருப்பரா? இது பகைவரை ஏமாற்ற நடித்த நாடகமாகவே இருத்தல் வேண்டும்' என்பது அவர்தம் ஊகம். 1944இல் நேச நாட்டார், தாம் கரையிறங்கப்போவது நார்மண்டியில் அன்று, கலே நீரிணைப் பகுதியில்தான் எனச் செருமானியர் நம்பும்வண்ணம் பெருஞ்சூழ்ச்சி செய்தனர் என்பது வரலாறு. போலிப் படகுகளை நிறுத்தினர். போலி வானொலிச் செய்திகளைப் பரப்பினர். இல்லாத படைகளை இருப்பனபோல் காட்டினர். வலிய சுவரை உடைக்கும் கருவியைச் சோதிப்பதாகக் காட்டினால், அரண் மிக்க கலேப் பகுதியையே தாக்குவர் எனப் பகைவர் எண்ணுவர் அன்றோ என இவ்வூகத்தார் வாதிடுவர்.

இவ்வூகம் கேட்பதற்கு இனியது. ஆயினும் ஆராய்ச்சிக்கு நிற்பதாகத் தோன்றவில்லை. நாடகத்துக்குச் செய்த பொருளாயின் ஓடுவதுபோல் தோன்றினாலே போதும். மூன்றாம் சக்கரத்தைச் சேர்ப்பதும், பயனின்மை கண்டு நீக்குவதும், வடம் கட்டித் திருப்ப முயல்வதும், ஒவ்வோர் ஓட்டத்தையும் படம்பிடித்து ஆராய்வதும் எதற்கு? போலிப் பழத்தைப் புளிக்கிறதா இனிக்கிறதா எனச் சுவைத்துப் பார்ப்பார் இலர். வெஸ்ட்வர்டு ஹோ!வைத் தேர்ந்ததற்கும் தக்க காரணம் உண்டு. ஊர்தி ஓடுதற்கு வேண்டிய நீண்டு அகன்ற மணற்பரப்பு அங்கே இருந்தது. கரையிறங்கும் போருக்குரிய கருவிகளைச் சோதிக்கும் நிலையமும் அருகிலுள்ள ஆப்பிள்டோரைச் சார்ந்து இயங்கி வந்தது. எனவே, அவ்விடம் மக்கள் காண வேண்டும் எனத் தேர்ந்த அரங்கன்று. கருவியைச் சோதிக்கத் தகுந்த களமே.

அவ்வாறாயின், இவ்வூகம் ஏன் பலருக்கும் இனிக்கின்றது? அறிவுடையோர் முயன்று தவறினர் என்று ஒப்புவதைவிட, தந்திரமாக நடித்தனர் என்று கூறுவது அவர்க்குப் பெருமை தரும் எனச் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணமே பிழையானது. குப்புற வீழ்ந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பானை உலகம் மதிப்பதில்லை. வீழ்ந்தேன் என ஒப்பி, வீழ்ந்ததற்குக் காரணம் தேடுவானே மதிக்கத்தக்கவன். பன்ஜாண்டிரத்தைச் செய்தோர்க்குப் பெருமை வேண்டுமாயின், அதனை நாடகம் எனப் புனைந்து கொடுத்தல் வேண்டா. அவர்தம் தோல்வியிலேயே பெருமை இருக்கின்றது.

உண்மையில் அவ்வூர்தியும் ஓர் ஊகமே. 'வாணத்தின் வலிமையால் ஒரு டன் வெடிமருந்தைச் சுவர் வரையில் உருட்டலாம்' என்பது அறிஞரின் ஊகம். கடற்கரையில் நின்று 'பூதத்தின் நூலுருளை' என்பது சிறுவனின் ஊகம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஊகித்தவரின் அறிவில் மட்டும் இல்லை. அறிஞர் தம் ஊகத்தைச் சோதனைக்கு உட்படுத்தினர் என்பதிலேயே இருக்கின்றது. ஊகம் அறிவின் முதற்படி. சோதனை அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிடுவோர் கதை கூறுவோராகலாம், அறிவியலாராதல் இயலாது.

சோதனையின் அருமையை மற்றொரு விந்தை ஊர்தியின் வரலாறு நன்கு விளக்கும். முதல் உலகப் போர்க்காலத்தில், உருசிய நாட்டில் நிக்கொலாய் லெபெதென்கோ என்னும் பொறியியலறிஞர், ஏறத்தாழ 9 மீட்டர் விட்டமுள்ள இரு பெருஞ்சக்கரங்களைக் கொண்ட போர் ஊர்தி ஒன்றைத் திட்டமிட்டார். அதன் பின்புறத்தில் சிறிய சக்கரம் ஒன்று இருக்கும். அவ்வூர்தியின் மரப் பொம்மை ஒன்றைச் செய்து, சாவி கொடுத்து, அரசர் இரண்டாம் நிக்கோலாசின் முன் ஓட்டிக் காட்டினார். பொம்மை, தரையில் அடுக்கியிருந்த தடித்த நூல்களின்மீது தடையின்றி ஏறி இறங்கியது. அரசர் பெரிதும் மகிழ்ந்து பொருளுதவி செய்தார் என்பர். ஊர்தி முழுவடிவில் செய்யப்பட்டு, 1915ஆம் ஆண்டு மாசுகோவுக்கு வடக்கே காட்டுப்பகுதியில் ஓட்டப்பட்டது. சிறிது தொலைவு சென்றது. பின்சக்கரம் இளகிய மண்ணில் புதைந்தது. எத்துணை முயன்றும் அசையவில்லை. நின்ற இடத்திலேயே ஆண்டுக்கணக்காக நின்று, 1923இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

நூலடுக்கின்மீது ஏறிய பொம்மை அரசரை வென்றது. இளகிய மண்ணோ அரசரின் ஆணைக்கு அடங்கவில்லை. அரண்மனைத் தரையில் பெற்ற வெற்றியைப் போர்க்களத்தில் பெற்ற வெற்றியாக எண்ணியதே அங்கு நேர்ந்த பிழை. பன்ஜாண்டிரத்தாரோ, பீப்பாயில் மெய்யான எடையை நிரப்பி, மெய்யான மணலில், காண்போர் நகைப்பினும் நகைக்க என ஓட்டிப் பார்த்தனர். நம்பகமில்லை எனத் தெளிந்தவுடன் நிறுத்தினர். நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும். பொருள் செலவாயிற்று; பல திங்கள் உழைப்புக் கழிந்தது; 'இன்னும் ஒருமுறை பார்ப்போம்' என்னும் ஆசை எளிதில் விடுவதன்று. எனினும் வழி தவறித் திரும்பும் இயல்புடைய ஒரு டன் வெடிமருந்தைத் தம் வீரர் செறிந்து நிற்கும் கரையில் உருட்டிவிட்டிருந்தால், தியெப்பில் நேர்ந்த துன்பத்துடன் மற்றொரு துன்பமும் சேர்ந்திருக்கும். நாயும் தலைவர்களும் ஓடிய சனவரி நாள், யாதுமறியா வீரர் பலரின் உயிரைக் காத்த நாள் எனக் கொள்ளுதல் தகும்.

விந்தையான தோற்றமுடையன யாவும் பயனற்றவை என எண்ணுவதும் தவறு. பன்ஜாண்டிரத்தைச் செய்த அதே துறையே முள்ளெலி என்னும் படைக்கலத்தையும் ஆக்கியது. நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்க அதுவரை வழங்கிய வெடிகள், கப்பலின் பின்புறத்திலிருந்து வீசப்பட்டன. பகைக்கப்பல் இருக்குமிடத்தைக் காட்டும் ஒலிக்கருவி, அதன் மேலே செல்லும்போது அதனைத் தவறவிட்டுவிடும். முள்ளெலியோ 24 குண்டுகளைக் கப்பலுக்கு முன்னே எறியும். அக்குண்டுகள் பகைக்கப்பலின்மேல் பட்டாலன்றி வெடியா. குண்டுகளை எறியும் தண்டுகள் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கும் தோற்றம் முள்ளெலியை ஒத்திருந்தமையின் அப்பெயர் பெற்றது. 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் பசிபிக் கடலில் 'இங்கிலாந்து' என்னும் பெயருடைய அமெரிக்கக் கப்பல் ஒன்று, அக்கருவியைக் கொண்டு 12 நாள்களில் 6 சப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களை மூழ்கடித்தது. உருளையைக் கண்டு நகைத்தோர், அத்துறையையே அந்நகைப்பால் மூடிவிட்டிருந்தால் முள்ளெலியும் பிறந்திராது.

1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் நார்மண்டியில் கரையிறங்கிய ஊர்திகளுள்ளும் வேடிக்கையானவை பல இருந்தன. தளபதி பெர்சி ஹோபார்ட்டு என்பாரின் படைப்பிரிவில், சங்கிலிகளைச் சுழற்றி நிலத்தை அடித்துக் கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்யும் டாங்கி இருந்தது; இளகிய மண்ணின்மீது கித்தான் விரிப்பை விரித்துக்கொண்டே செல்லும் டாங்கியும் இருந்தது. கான்கிரீட்டுத் தடைகளை உடைக்க, 40 பவுண்டு எடையுள்ள பருத்த குண்டினை எறியும் டாங்கியும் இருந்தது. அக்குண்டுக்கு வீரர் இட்ட பெயர் 'பறக்கும் குப்பைத்தொட்டி'. அவ்வூர்திகள் அனைத்தையும் சேர்த்து 'ஹோபார்ட்டின் வேடிக்கைகள்' என்றே அழைத்தனர். துணி துவைப்பவர்போல் நிலத்தை அடிப்பதும், திருமண வீட்டார்போல் விரிப்பு விரிப்பதும் போர் ஊர்திக்கு அழகோ என எவரும் நகைக்கலாம். ஆயினும் அவ்வேடிக்கைகள் வழி திறந்தன. அவ்வழியே வீரர் சென்றனர். பன்ஜாண்டிரத்தால் இயலாத பணியை, உள்ளிருந்து ஓட்டுநர் திருப்பக்கூடிய ஊர்திகள் செய்து முடித்தன.

ஆகவே, ஒரு கருத்தை அதன் தோற்றங்கொண்டு அளத்தல் கூடாது. சங்கிலி சுழற்றும் டாங்கியும் வேடிக்கை. வாணத்தில் ஓடும் உருளையும் வேடிக்கை. ஒன்று பயன் தந்தது, மற்றொன்று தரவில்லை. எது பயன் தரும் என்பதை முன்னமே கூறவல்லது நகைப்பன்று; சோதனையே. காண்போர் நகைப்பரே என அஞ்சிச் சோதனையை விடுபவன், நல்ல கருத்தையும் இழப்பான். நகைப்பைப் பொருட்படுத்தாதது நன்று என்றெண்ணிச் சோதனையின் முடிவையும் பொருட்படுத்தாதவன், தீய கருத்தைச் சுமந்துகொண்டு திரிவான். இருவரும் நடுவழியில் நிற்பவரே.

2009ஆம் ஆண்டில், நார்மண்டியில் கரையிறங்கிய நாளின் 65ஆம் ஆண்டு நினைவையொட்டி, வெஸ்ட்வர்டு ஹோ!வின் மணற்பரப்பில் ஆறடி விட்டமுள்ள சிறிய பன்ஜாண்டிரம் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினர். மக்கள் திரண்டு வந்து கண்டனர். அது எவரையும் துரத்தவில்லை. நேரே ஏறத்தாழ 50 மீட்டர் ஓடி நின்றது. போர்க்காலத்தில் அஞ்சி ஓடச் செய்த கருவி, அமைதிக் காலத்தில் திருவிழாப் பொருளாயிற்று. அன்று கைதட்டி நகைத்த மக்கள், அக்கருவியை இகழ்வதற்காகக் கூடியவர் அல்லர். தோற்ற முயற்சி ஒன்றினை 65 ஆண்டுகளுக்குப் பின்னும் நினைந்து விழாக் கொண்டாடும் மனப்பான்மை பாராட்டத்தக்கது.

வகுப்பறையில் தவறான விடை கூறிய மாணவனை நோக்கி நகைப்போர் உளர். அந்நகைப்புக்கு அஞ்சி அடுத்த முறை வாய் திறவாது அமர்ந்திருப்போரும் உளர். தவறான விடை கூறியவன் தன் ஊகத்தைச் சோதனைக்கு உட்படுத்தினான். அது தவறு என இப்பொழுது அறிந்துகொண்டான். வாய் திறவாதவன், தன் ஊகம் சரியா தவறா என அறியாமலே அதனைச் சுமந்துகொண்டு வீடு செல்கின்றான். இருவருள் யார் ஒருபடி முன்னேறியவர் என்பதைக் கூற வேண்டுவதில்லை. கடற்கரையில் கவிழ்ந்து வெடித்த உருளையைக் கண்டு நகைக்கலாம். அதனைக் கடற்கரை வரையில் கொணர்ந்து ஓட்டிப் பார்த்த நேர்மையை மதித்தல் வேண்டும்.